பிள்ளைகள் கட்டும் பாட்டு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாழ்வில் குழந்தைகள் இடம்பெறும் நிகழ்ச்சிகள் பல. அவற்றுள் ஒன்று அபூ உமைர் என்னும் சிறுவரைப் பற்றியது. அவர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் இளைய சகோதரர். சிட்டுக்குருவி போன்ற சிறு பறவை ஒன்றை அவர் ஆசையோடு வளர்த்து வந்தார். நுகைர் என்பது அப்பறவைக்குப் பெயர். ஒருநாள் அது இறந்துவிட்டது. வாடியிருந்த சிறுவரைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அந்த நுகைருக்கு என்னவாயிற்று என்று அன்போடு வினவினார்கள். உமைர், நுகைர் என்னும் இரு சொற்களும் இயைந்து ஒலிக்கும்படி அவ்வினா அமைந்திருந்தது.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள், இந்த ஒரு நபிமொழியிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துக்காட்டித் தனி நூலே வரைந்துள்ளார்கள். நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். ஒரு குழந்தையின் அன்றாட வாழ்வில் நேர்ந்த சிறு துயரம், ஓசையமைந்த சொல்லால் பேசத்தக்க பொருளாக மதிக்கப்பட்டது. குழந்தையிடம் அறிவுரை கூறப்படவில்லை. வினா ஒன்று கேட்கப்பட்டது. விடை கூறும் உரிமை குழந்தைக்கு வழங்கப்பட்டது.

நம் நாட்டில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. குழந்தைகளுக்கெனப் பாட்டெழுதும் வழக்கமும் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. குழந்தைகளையே தம் வாழ்வைப் பற்றிப் பாட்டெழுதப் பழக்கும் வழக்கமோ இன்னும் வேரூன்றவில்லை. ஏன் வேரூன்றவில்லை? வேரூன்றுவதற்கான மண் நம்மிடம் உண்டா? கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் இலக்கிய வரலாற்றைத் துணையாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

மார்க்கமும் பாட்டும்

பிள்ளைகள் பாட்டெழுதுவதா என்று தயங்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. திருக்குர்ஆனின் 26ஆம் அத்தியாயத்திற்குப் 'கவிஞர்கள்' என்பதே பெயர். மனம்போன போக்கில் அலைந்து, செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞரை அது கண்டிக்கிறது. அவ்விடத்திலேயே, நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிந்து இறைவனை நினைவு கூர்வோருக்கு விலக்கும் அளிக்கிறது. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவிபாடுவதற்கு மதீனத்துப் பள்ளியில் மிம்பர் அமைத்துக் கொடுக்கப்பட்ட செய்தியை யாவரும் அறிவர். பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடிக்கொண்டிருந்தபோது, அதனைத் தடுக்க முனைந்த அபூபக்கர் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, சிறுமியரைப் பாட விட்டுவிடுமாறு கூறினார்கள். ஆகவே பொய்யும் வீண்புகழும் கலவாத பாட்டு, மார்க்கம் வெறுத்த ஒன்றன்று. தான் கண்டதைக் கண்டபடி சொல்லும் குழந்தையின் பாட்டைக் காட்டிலும் பொய்யற்ற பாட்டு வேறெது?

எழுத்தைப் பொறுத்தவரை, எழுதுகோலைக் கொண்டு கற்பித்தவன் இறைவன் என்னும் செய்தி முதல் வஹியிலேயே இடம்பெற்றுவிட்டது. கி.பி. 624இல் நடந்த பத்ருப் போரில் சிறைப்பட்டவருள் எழுத்தறிவுடையோர், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் அதுவே அவர்களது விடுதலைக்கு ஈடாகும் என அறிவிக்கப்பட்டது. வாளேந்திய கரங்களைச் சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்கும் கரங்களாக மாற்றிய அவ்வரலாறு, கல்வி வரலாற்றிலேயே தனியிடம் பெற்றதாகும்.

தில்லைச் சூழலில் வினாவும் விடையும்

சிதம்பரம் என்றவுடன் ஆடற்கலையும் இசைக்கலையும் நினைவுக்கு வரும். ஆனால் நம் பொருளுக்கு உதவும் செய்தி வேறொன்று. மாணிக்கவாசகர் தில்லையில் பாடியனவாகச் சைவ மரபு கூறும் பகுதிகளின் பெயர்களை நோக்குக: பொற்சுண்ணம், பொன்னூசல், பூவல்லி, உந்தி, சாழல். இவையெல்லாம் பெண்பிள்ளைகளின் வேலையும் விளையாட்டுமாகும். சுண்ணம் இடித்தலும், ஊஞ்சல் ஆடுதலும், பூக்கொய்தலும் அன்றாடச் செயல்கள். சாழல் என்பது, ஒருத்தி வினவ மற்றொருத்தி விடை சொல்லும் மகளிர் விளையாட்டு. பெரும்புலவர் ஒருவர் தம் ஞானத்தை உரைக்க அரண்மனை வழக்கை நாடாமல், தெருவில் விளையாடும் சிறுமியரின் பாட்டு வடிவத்தை நாடினார் என்பது எண்ணத்தக்கது. அப்படியாயின், அவருக்கு முன்பே அவ்விளையாட்டுப் பாடல்களைக் கட்டியவர் யாவர்? பெயர் தெரியாத சிறுமியரும் பெண்டிருமே அன்றோ! தொல்காப்பியம் பண்ணத்தி எனச் சுட்டும் நாட்டுப்பாடல் வகையும், பிசி எனச் சுட்டும் விடுகதையும் இவ்வாறு மக்கள் வாயில் பிறந்தவையே.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்தவர் இராமலிங்க வள்ளலார். வடலூரில் 1867இல் அவர் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. சிறு வயதிலேயே பாடத் தொடங்கியவர் அவர் என்பது வழிவழி வரும் செய்தி. பந்தாடுதல் போன்ற விளையாட்டு வடிவங்களை அவரும் தம் பாடல்களில் கையாண்டார்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகளுக்கெனப் பாலபாட நூல்களை எழுதி அச்சிட்டவரும் அவரே. திண்ணைப் பள்ளிகளில் ஓலைச்சுவடியும் மணலில் எழுதும் பயிற்சியுமாக இருந்த தொடக்கக் கல்வி, அச்சுப் புத்தகத்தின் வழியே புதிய ஒழுங்கைப் பெற்றது. ஆயினும் இருவகைக் கல்வியிலும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலானவற்றைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். தாமாக ஒன்றைக் கட்டுமாறு அவர்களை யாரும் கேட்கவில்லை. செய்யுள் இயற்றும் கலை, இலக்கணம் முற்றக் கற்ற சிலருக்கே உரியதாயிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, பின்னர் மதுரைத் தமிழ்ச் சங்கப் புலவராகவும் விளங்கிய நாகூர் குலாம் காதிறு நாவலர் அத்தகைய சிலருள் ஒருவர். மனப்பாடத்தை நாம் இகழவில்லை. செவியில் ஓசை நிறையாத பிள்ளைக்குப் பாட்டு வாராது. ஆனால் நிறைந்த குடம் ஒருநாள் ஊற்றவும் வேண்டும்.

நம் புலவர் விட்டுச்சென்ற வழி

தமிழ் முஸ்லிம் இலக்கியத்துள் நமக்கு முழுமையாகக் கிடைக்கும் முதல் நூல் ஆயிரமசலா. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய இந்நூல் 1572இல் மதுரையில் அரங்கேறியது. மசலா என்னும் சொல்லுக்குப் பொருளே வினா என்பதாகும். நம் இலக்கியம் வினாவோடு தொடங்கிற்று என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எனத் தமிழுக்குப் புதிய வடிவங்களைத் தந்த நம் முன்னோர், கும்மி, சிந்து, தாலாட்டு, ஏசல் எனத் தமிழில் முன்பே இருந்த எளிய வடிவங்களையும் விட்டுவைக்கவில்லை. காப்பியம் கற்றோர்க்கு, கும்மியும் தாலாட்டும் அடுக்களையிலும் முற்றத்திலும் இருந்த உம்மாமார்க்கும் பிள்ளைகளுக்கும்.

அரபுத் தமிழையும் இங்கு நினைவு கூர வேண்டும். ஓதப் போன பிள்ளை அரபு எழுத்தை அறிந்திருந்தது. வீட்டில் பேசியதோ தமிழ். அரபு எழுத்துக்களோடு சில புள்ளிகளைச் சேர்த்து, தமிழ் ஒலிகளை அவ்வெழுத்தாலேயே எழுதிக் காட்டினர் நம் ஆலிம்கள். பிள்ளையும் பெண்ணும் எந்த எழுத்தை அறிவார்களோ அந்த எழுத்துக்கே மொழியை இறக்கிக்கொண்டு வந்தனர். கற்போர் இருக்குமிடத்திற்குக் கல்வி வரவேண்டும் என்னும் பேருண்மை அதில் அடங்கியுள்ளது.

ஏட்டில் ஏறாத பாட்டுக்களோ இன்னும் பல. நோன்பு மாதத்தில் சஹர் நேரத்தில் தப்ஸ் கொட்டித் தெருத்தெருவாகப் பாடிவந்த பக்கிர்சாக்களின் குரலில் விழித்தெழுந்த தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. இத்தகைய செவிச்செல்வம் நிறைந்த சமுதாயம் நம்முடையது.

எழுதியவர் பெரியவர், பாடியவர் சிறியவர்

இருபதாம் நூற்றாண்டு தமிழில் குழந்தைப் பாட்டின் நூற்றாண்டாகும். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) எளிய சொற்களில் பிள்ளைகளுக்குப் பாடினார். உமர் கய்யாமின் பாடல்களைத் தமிழுக்குத் தந்தவர் என்னும் வகையிலும் அவர் நமக்கு அணுக்கமானவர். பாப்பாப் பாட்டுத் தந்த பாரதியார், புதுவையில் பத்தாண்டு வாழ்ந்து, 1918 நவம்பரில் அவ்வெல்லையைக் கடந்தபோது கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டவர். புதுவைப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த பாரதிதாசன், இளைஞர் இலக்கியம் என்னும் நூலைத் தந்தார். கடலூரிலிருந்து 1959இல் தென்மொழி இதழைத் தொடங்கிய பெருஞ்சித்திரனார், சிறுவர்க்கெனத் தமிழ்ச்சிட்டு இதழையும் நடத்தினார். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) தம் வாழ்நாளையே இத்துறைக்கு ஈந்தார்; 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார்.

இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுதியவர் பெரியவர், பாடியவர் சிறியவர். பெரியவர் தாம் கண்ட குழந்தையைப் பாடினார். அவர் காணாத குழந்தை பாட்டில் இடம்பெறவில்லை. பாடநூற் பாட்டில் அம்மா இங்கே வருவாள்; உம்மா வருவதில்லை. அண்ணன் வருவான், காக்கா என்றால் அங்கே பறவைதான். லாத்தாவும், சபர் போன வாப்பாவும், நோன்புக் கஞ்சியும், பிறை பார்க்க மாடியேறும் மாலைப்பொழுதும் எந்தப் பாட்டில் வரும்? இதனை ஒரு குறையாகக் கூறி யாரையும் நோவது நம் கருத்தன்று. நெய்தல் நிலத்து மீனவப் பிள்ளைக்கும், கரும்பு வெட்டும் தொழிலாளியின் பிள்ளைக்கும் இதே நிலைதான். ஆனால் பாட்டில் தன் வீட்டை ஒருபோதும் காணாத பிள்ளை, தன் வீடு பாட்டுக்கு உரியதன்று என்று எண்ணிவிடும். வீட்டுச் சொல்லைப் பள்ளியில் மறைக்கத் தொடங்கும். பிறகு அச்சொல்லையே மறந்துவிடும். அங்கேதான் இழப்பு நேர்கிறது.

பிற நாடுகளில் நடந்தது

பிள்ளைகளின் கையில் எழுதுகோலைக் கொடுத்துப் பார்த்த பெரியோர் பிற நாடுகளில் உண்டு. உருசியப் பேரெழுத்தாளர் டால்ஸ்டாய் 1859இல் தம் ஊராகிய யாஸ்னயா போல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஒரு பழமொழியை வைத்துக் கதை எழுதுமாறு அவர் கேட்க, பிள்ளைகள் தயங்கினர். அவரே எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு அதில் திருத்தம் சொல்லலாயினர். தம் திருத்தங்களை விடச் சிறுவரின் திருத்தங்களே சிறந்தவை என்று அவர் கண்டார். குடியானவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்க வேண்டுமா, நாம் அவர்களிடம் கற்க வேண்டுமா என்னும் கேள்வியையே தலைப்பாக்கி 1862இல் கட்டுரை வரைந்தார்.

பிரெஞ்சு நாட்டில் செலஸ்தேன் ஃபிரேனே என்னும் ஆசிரியர் இன்னும் ஒருபடி சென்றார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்றவர் அவர். நெடுநேரம் உரக்கப் பேச இயலாத அவர், பிள்ளைகளைப் பேசவைத்தார். அவர்கள் தம் வீடு, தெரு, வேலை, விளையாட்டு பற்றிக் கூறியதையும் எழுதியதையும், 1924 முதல் வகுப்பறையிலேயே சிறு அச்சுப்பொறி ஒன்றில் பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். 1926இல் தென்புற மலைச்சிற்றூரின் பிள்ளைகளுக்கும், பிரித்தானிக் கடற்கரைப் பள்ளியொன்றின் பிள்ளைகளுக்கும் இடையே இத்தாள்கள் அஞ்சலில் போய்வரத் தொடங்கின. மலைப்பிள்ளை கடலைப் படித்தது. கடற்பிள்ளை மலையைப் படித்தது.

நியூயார்க்கில் கென்னத் கோக் என்னும் கவிஞர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிதை பயிற்றிய முறையை 1970இல் நூலாக்கினார். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆசை ஒன்றைச் சொல்ல வேண்டும், எல்லா அடிகளும் ஒரே சொல்லில் தொடங்க வேண்டும் என்பன அவர் வகுத்த விதிகளுள் சில. அடிகள் ஒன்றுசேர, வகுப்பே ஒரு கவிதையாயிற்று. முதற்சொல் ஒன்றி வருவது நம் தமிழில் மோனைக்கு அண்டைவீடு அன்றோ!

கடற்கரையும் வயற்கரையும்

இந்த முறைகளை நம் வட்டாரத்தில் கையாளப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கடலூர் துறைமுகம், தேவனாம்பட்டினம், வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரத்து உப்பங்கழி என ஒருபுறம் கடல். நெல்லிக்குப்பத்துக் கரும்பு, பண்ணுருட்டிப் பலா, வீராணம் ஏரியை அடுத்த லால்பேட்டை என மறுபுறம் வயலும் தோட்டமும். ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இத்தனை வாழ்வு. பரங்கிப்பேட்டைப் பிள்ளை கட்டிய பாட்டு லால்பேட்டைப் பிள்ளைக்குப் போகட்டும். லால்பேட்டைப் பாட்டு பரங்கிப்பேட்டைக்கு வரட்டும். ஃபிரேனே கண்ட பயனை நாமும் காண்போம்.

வழிமுறை எளிது. முதலில் பெரியவர் வினா ஒன்றைக் கேட்க வேண்டும். மழையைப் பற்றிப் பாடு என்றால் பிள்ளை பாடநூலைப் பாடும். நேற்று மழையில் உன் செருப்பு என்னவாயிற்று என்றால் தன்னைப் பாடும். இரண்டாவதாக, பிள்ளையின் சொல்லை மாற்றக் கூடாது. உம்மா என்றால் உம்மாதான். அதனை அன்னையாக்கிவிட்டால் பாட்டு நமதாகிவிடும், பிள்ளைக்கு உரியதாகாது. மூன்றாவதாக, எழுத வராத மழலையின் சொல்லைப் பெரியவர் எழுதிக் கொடுக்கலாம். நான்காவதாக, கைதட்டிப் பாடிப் பார்க்க வேண்டும். தட்டும் கை தடுமாறும் இடத்தில் சொல் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும்; அதனைப் பிள்ளையே திருத்திவிடும். யாப்பிலக்கணத்தின் முதற்பாடம் அதுவே. எதுகை, மோனை என்னும் பெயர்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

விளக்கத்தின் பொருட்டு, வினாவிடையில் அமையும் சிறு பாட்டு ஒன்றை நாமே கட்டிக் காட்டுவோம்:

பள்ளி விட்டு எங்கே போனாய்?
வெள்ளாற் றங்கரை நண்டு பிடிக்க.
நண்டைப் பிடித்து என்ன செய்தாய்?
நண்டுதான் என்னைப் பிடித்தது லாத்தா!

இதில் பள்ளியும் வெள்ளாறும் எதுகையாய் நின்றன. பிள்ளைக்கு அந்த இலக்கணம் வேண்டியதில்லை. நண்டு கடித்த விரல் போதும். சாழலும் மசலாவும் நடந்த பழைய பாதையில்தான் இந்தச் சிறு பாட்டும் நடக்கிறது.

வரலாற்றுக்கு ஒரு சான்று

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், பரங்கிப்பேட்டையருகே ஹைதர் அலியின் பெரும்படை ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையோடு பொருதது. படை எண்ணிக்கையும் பீரங்கிகளின் நிலையும் ஆங்கிலேயர் குறிப்புக்களில் உள்ளன. அன்று அவ்வூர்ப் பிள்ளைகள் என்ன கண்டனர், எங்கே ஒளிந்தனர், எதைக் கேட்டு அழுதனர்? அதனைச் சொல்லும் பாட்டொன்று நம் கைக்கு எட்டியிருந்தால், அது எத்தனை அரிய ஆவணமாக இருந்திருக்கும்!

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, இதே கரையைக் கடற்கோள் தாக்கியது. வீடிழந்த மீனவ மக்களுக்குப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் உணவு சமைத்தளித்து அடைக்கலம் தந்தனர். மதம் பாராத அவ்வுதவியை நாடறியும். அன்று ஏழு வயதினராயிருந்தோர் இன்று தாமே பிள்ளைகளைப் பெற்ற பெற்றோராயிருக்கலாம். பெரிய சட்டியில் வெந்த சோற்றின் மணத்தையும், அறிமுகமில்லாத பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து உண்ட உணவையும், ஏழு வயதுக் கண் எப்படிக் கண்டது? புள்ளிவிவரம் அரசு ஏட்டில் இருக்கும். அந்தக் கண் கண்டதை அந்தப் பிள்ளைதான் சொல்ல முடியும். அந்த வயதில்தான் சொல்ல முடியும்.

இன்று நம் பிள்ளைகளிற் பலர் ஆங்கில வழியில் பயில்கின்றனர். மாலையில் மதரஸாவில் அரபு ஓதுகின்றனர். இரண்டும் தேவையே. இவ்விரண்டுக்கும் இடையில், வீட்டுத் தமிழ் பேச்சளவில் நின்று எழுத்தேறாமல் போகிறது. பாட்டியர் பேசிய எத்தனையோ சொற்கள் அவர்களோடு மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு பிள்ளை தன் நன்னியிடம் கேட்டு ஒரு சொல்லைத் தன் பாட்டில் வைத்தால், அச்சொல் இன்னும் ஒரு தலைமுறை வாழும்.

ஆகவே நம் மதரஸாக்களின் ஆண்டு விழாக்களிலும், மீலாது விழாக்களிலும், பள்ளி மன்றங்களிலும், மனப்பாடப் போட்டியோடு பாட்டுக் கட்டும் போட்டியும் இடம்பெறட்டும். பரிசு பெரிதாக வேண்டியதில்லை. கட்டிய பிள்ளையின் பெயரோடு அப்பாட்டு ஊர்ப் பலகையில் எழுதப்பட்டால் போதும். பெற்றோர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, இரவு உணவுக்குப் பின் நாளுக்கு ஒரு வினா கேட்டு வந்தாலே, ஓராண்டில் அந்த வீட்டின் வரலாறு எழுதப்பட்டிருக்கும்.

வினவும் பண்பைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். வினாவிடையாகப் பாடும் வடிவத்தை நம் புலவரும் நம் மண்ணும் தந்தன. எஞ்சியிருப்பது, பிள்ளை விடை சொல்லும்போது குறுக்கிடாமல் செவிமடுக்கும் பொறுமை ஒன்றே. அப்பொறுமையை அல்லாஹ் நம் எல்லோருக்கும் அருள்வானாக!